டொக்கியூமென்ட்ஸ் எங்கே போனது? இடம் மாறிய கோப்புறைகளை மீட்கும் வழி

"தம்பி, உறுதி எல்லாம் போய்விட்டது." போன கிழமை கோண்டாவிலிலிருந்து மாமி இப்படித்தான் அழைத்தார். காணி உறுதி என்றால் யாழ்ப்பாணத்தில் யாருக்கும் ஒருகணம் மூச்சு நின்றுவிடும். விசாரித்துப் பார்த்தால் அசல் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஸ்கான் செய்து கணினியில் போட்ட பிரதியைத்தான் காணவில்லை. மச்சான் கனடாவுக்குப் போகும் முன் "சி டிரைவ் நிரம்பிவிட்டது" என்று எதையோ மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து டொக்கியூமென்ட்ஸைத் திறந்தால் பாட்டு, கலியாண வீட்டு வீடியோ, பழைய வினாத்தாள் என்று டி டிரைவில் உள்ள அத்தனையும் அதற்குள் தெரிகின்றன.

இந்தக் கோளாறை நீங்களே சரிசெய்யலாம். ஒன்றை மட்டும் முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டொப் ஆகிய ஆறும் படலையில் மாட்டிய பெயர்ப்பலகை போன்றவை. பலகையைக் கழற்றி அடுத்த வளவுப் படலையில் மாட்டினால் தபால்காரர் அங்கேதான் போவார். வீடும் சாமானும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே கோப்புகளை அங்குமிங்கும் இழுத்துப் போடாதீர்கள். பலகை எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

படி 1: முகவரியைப் பாருங்கள்

விண்டோஸ் விசையையும் ஆங்கில E எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஃபைல் எக்ஸ்புளோரர் திறக்கும். இடப்பக்கத்தில் டொக்கியூமென்ட்ஸ் மீது வலது சொடுக்கி, ப்ரொப்பர்ட்டீஸ், பின்னர் லொக்கேஷன். அங்கே ஒரு முகவரி இருக்கும். சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பயனர் பெயர், டொக்கியூமென்ட்ஸ் என்ற வரிசையில் இருந்தால் அது பிறந்த வீட்டிலேயே இருக்கிறது. ஆறு கோப்புறைகளின் முகவரிகளையும் கொப்பியில் எழுதிவையுங்கள். கணினியில் அல்ல, கொப்பியில்.

மாமியின் கணினியில் டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் இரண்டுக்கும் முகவரி வெறும் டி டிரைவ். மச்சான் டி டிரைவுக்குள் தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்காமல் டிரைவையே காட்டிவிட்டார். இது மிகப் பரவலான பிழை. செய்தவர் கணினி படித்தவராக இருந்தாலும் நேரும்.

படி 2: பிரதி எடுங்கள்

முக்கியமானவற்றை வெளி வன்தட்டிலோ பென் டிரைவிலோ பிரதி எடுங்கள். கட் கட்டளை வேண்டாம், கொப்பி கட்டளைதான். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற ஊர் இது. மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இல்லையென்றால் இந்த வேலையை வானம் இருட்டியிருக்கும்போது தொடங்காதீர்கள்.

படி 3: பலகையைச் சரியான இடத்தில் மாட்டுங்கள்

கோப்புறை டி டிரைவில் தனக்கென ஓர் இடத்தில் இருந்து, அதைப் பழையபடி சி டிரைவுக்குக் கொண்டுவர விரும்பினால் வேலை சுலபம்: லொக்கேஷன் பக்கத்தில் ரிஸ்டோர் டிஃபோல்ட், பிறகு அப்ளை. கோப்புகளையும் நகர்த்தவா என்று கேட்கும். யெஸ்.

மாமியுடையதைப் போல முகவரி முழு டிரைவாக இருந்தால் அந்தக் கேள்விக்கு யெஸ் சொல்லக் கூடாது. சொன்னால் டி டிரைவில் உள்ள கலியாண வீடியோ உட்பட எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு புறப்பட்டுவிடும், சி டிரைவில் இடம் இருக்கிறதோ இல்லையோ. நோ சொல்லுங்கள்.

மச்சானின் நோக்கம் சரிதான். மாமியின் சி டிரைவில் உண்மையிலேயே இடமில்லை. அதனால் டி டிரைவில் ஒரு கோப்புறையும் அதற்குள் டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் என்று இரண்டு கோப்புறைகளும் உருவாக்கினேன். லொக்கேஷன் பக்கத்தில் மூவ் அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் அதனதன் கோப்புறையைக் காட்டி, அப்ளை, கேள்விக்கு நோ. பிறகு கடிதங்களையும் படங்களையும் கையால் பிரித்து உள்ளே வைத்தேன். இரண்டு பலகைகளை ஒரே படலையில் மாட்டாதீர்கள். பின்னர் பிரிப்பது பெரும் தொல்லை. லொக்கேஷன் பக்கமே காணாமற் போய்விட்டால் விண்டோஸின் உள் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில்தான் திருத்தவேண்டும். அதைப் பழகியவரிடம் விடுங்கள்.

முகவரியில் ஒன்டிரைவ் என்று இருந்தால்

இது வேறு கதை. மைக்ரோசொஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவின் பாக்கப் வசதி இயங்கினால் டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவை ஒன்டிரைவ் கோப்புறைக்குள் போய்விடும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜீபி. பிள்ளைகளின் படங்களுக்கே போதாது. கீழ் வலது மூலையில் மேகச் சின்னத்தை அழுத்தி, செட்டிங்ஸ், சிங்க் அண்ட் பாக்கப், மனேஜ் பாக்கப் என்று போய் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். நிறுத்தியதும் டொக்கியூமென்ட்ஸ் வெறுமையாகத் தெரிந்தால் பதறவேண்டாம், கோப்புகள் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருக்கின்றன. ஆனால் நீல மேக அடையாளம் உள்ளவை இணையத்தில் மட்டுமே இருப்பவை. இணைய இணைப்பு இருக்கும்போதே அவற்றைக் கணினிக்கு இறக்கிவிட்டு, பிறகு நகர்த்துங்கள்.

மின்சாரம் போய் வந்தபின் எல்லாமே வெறுமையாக இருந்தால்

முகவரியில் டெம்ப் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விண்டோஸ் உங்களைத் தற்காலிகக் கணக்கில் ஏற்றியிருக்கிறது. அதில் எதையும் சேமிக்காதீர்கள், வெளியேறியதும் அழிந்துவிடும். கணினியை மறுபடி தொடக்கிப் பாருங்கள். உங்கள் சொந்தக் கோப்புகள் பெரும்பாலும் யூசர்ஸ் கோப்புறைக்குள் பழைய பெயரில் அப்படியே இருக்கும்.

கடைசிச் சோதனை

கணினியை மறுபடி தொடக்கி, புதுக் கடிதம் ஒன்றை வேர்டில் சேமித்து, அது சரியான கோப்புறைக்குள் போய் விழுகிறதா என்று பாருங்கள். மாமி வீட்டில் விழுந்தது. உறுதியும் கிடைத்தது: "ஸ்கான் 7" என்ற பெயரில், தலைகீழாக.