சிசேரியன் தையலில் சீழ் பிடிப்பது எங்கே தொடங்குகிறது?

சிசேரியன் தையலில் சீழ் வைத்தால் பழி வார்டின் மேல் விழும். டிரெஸ்ஸிங் சரியில்லை, பார்க்க வந்த கூட்டம் அதிகம் என்பார்கள். ஆனால் காயத்தைக் கெடுக்கும் கிருமிகள் பெரும்பாலும் தாயின் தோலிலும் பிறப்புறுப்பிலும் ஏற்கெனவே இருப்பவை. வயிறு திறந்திருக்கும்போதே அவை உள்ளே போய்விடுகின்றன. அதனால் பெரிய தவறுகள் ஆபரேஷன் தியேட்டரில்தான் நடக்கின்றன.

முக்கியமானது, ஆன்டிபயாடிக் ஊசியைத் தாமதமாகப் போடுவது. குழந்தைக்கும் மருந்து போய்விடுமே என்று, தொப்புள்கொடியைக் கவ்விய பிறகு போடுவது முன்பு வழக்கம். இப்போதைய முறை வேறு: கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் போட்டுவிட வேண்டும். பெரும்பாலும் செஃபசோலின் 2 கிராம், ஒரே டோஸ். வலி வந்த பிறகோ பனிக்குடம் உடைந்த பிறகோ அறுவை என்றால் அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் 500 மில்லிகிராமும் சேர்ப்பதுண்டு. முன்னால் போட மறந்துவிட்டு, அப்புறம் ஏழு நாளைக்கு மாத்திரை எழுதுவது அதற்கு ஈடாகாது. இந்தப் பழக்கம் இன்னும் போகாதது வருத்தம்தான்.

பிளேடால் மழிப்பதும் அப்படிப்பட்ட பழைய பழக்கமே. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். முடி இடைஞ்சலாக இருந்தால் கிளிப்பரால் கத்தரித்தால் போதும்.

வெட்டுவதற்கு முன் தோலில் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவியதும் துணியால் ஒற்றி எடுப்பவர்கள் உண்டு. அது தானாக உலர வேண்டும். முடியில்லாத தோலில் குறைந்தது 3 நிமிடம். ஈரம் காயும் முன் மின்கத்தியை (மின்சாரத்தால் சுட்டு வெட்டும் கருவி) பயன்படுத்தினால் தீப்பிடிக்கவும் கூடும்.

வெட்டுவது வயிற்றில்தானே என்று பிறப்புறுப்பை மறந்துவிடுகிறோம். பனிக்குடம் உடைந்திருந்தால் அங்கிருக்கும் கிருமி கர்ப்பப்பைக்கு ஏறியிருக்கக்கூடும். அறுவைக்குச் சற்று முன் பிறப்புறுப்பின் உட்பகுதியைப் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியால் துடைத்தால் கர்ப்பப்பைத் தொற்று குறைகிறது.

நஞ்சுக்கொடியைக் கையை விட்டுப் பிய்த்தெடுப்பது அவசரத்தில் செய்யும் தவறு. ரத்தப்போக்கு, தொற்று இரண்டும் கூடும். தொப்புள்கொடியை மெல்ல இழுத்து, நஞ்சுக்கொடியைத் தானாகப் பிரிய விடுவதே நல்லது.

வீட்டுக்குப் போன பிறகு பவுடர், எண்ணெய் எதையும் தையலில் போட வேண்டாம். தொற்று பல நேரம் டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் தலைகாட்டும். 30 நாள் வரை சிவப்பு, கசிவு, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.