சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கண்டிக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

பல்லடம் சுற்றுவட்டாரத்தில் பத்தொன்பது வருடமாகத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு அப்பாவோ அப்புச்சியோ பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "ஏனுங் டீச்சர், கண்ணை மட்டும் உட்டுப்போட்டு தோலை உரிச்சுப்போடுங்க, நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோமுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். பிள்ளை நன்றாக வர வேண்டும் என்ற ஆசையில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குத் தலையாட்டுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

அப்பா சொல்லிவிட்டார் என்பதற்காக அடிக்க முடியாது. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள். பிறகு வந்த 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 17-வது பிரிவு, உடலைத் துன்புறுத்துவதோடு மனதைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. இந்த இரண்டாவது பாதியை நம்மில் நிறையப் பேர் கண்டுகொள்வதே இல்லை. பிரம்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "உன் அக்கா எப்படிப் படிச்சா, நீ எங்கிருந்து வந்தே" என்று அத்தனை பேர் முன்னால் கேட்கிறோமே, அதுவும் அந்தப் பிரிவுக்குள்தான் வரும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் செய்த தவறு அது, இன்றைக்கும் உறுத்துகிறது. மூன்றாம் வகுப்புப் படித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் ரப்பர் கேட்டாலும் அடுத்த வகுப்பு டீச்சர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தித்தான் கேட்பான். இரண்டாவது பாடவேளை வந்தால் தலை கவிழ்ந்துவிடும். கத்தினால் வாயில் விரல், தூங்கினால் எழுந்து நில், இப்படியே இரண்டு மாதம் ஓட்டினேன். ஒரு நாள் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கி, முட்டி மடங்கி, பெஞ்சு முனையில் நெற்றி இடித்து விழுந்தான். சாயங்காலம் அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். படுக்கிற அறைக்கும் தறிக்குடோனுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் எட்டுத் தறி ஓடுகிறது. "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று அவன் அம்மா சொன்னது எனக்கு உதட்டசைவில்தான் புரிந்தது. கையைச் சுவரில் வைத்தேன், விரல் நுனிவரை அதிர்வு ஏறியது. நானும் அந்த அம்மாவும் பத்து நிமிஷம் கத்தித்தான் பேசினோம், அந்த வீட்டில் அதுதான் பேச்சு. தறி ராத்திரியும் ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் "ஏன் கத்தறே, ஏன் தூங்கறே" என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவனுக்குத் தான் கத்துகிறோம் என்பதே தெரியாது.

அதற்கப்புறம் அவனை முன்வரிசையில் உட்கார வைத்தேன். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காதைக் காட்டச் சொன்னேன், ஓயாத தறிச் சத்தம் கேட்கும் திறனைக் குறைக்கும் என்பதால். குரல் ஏறும்போது நான் உள்ளங்கையைக் கீழே பார்த்துத் தாழ்த்துவேன், அவன் குரலை இறக்குவான், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சைகை. மூன்று வாரத்தில் வாயில் விரல் வைக்கச் சொல்வதற்கான தேவையே போய்விட்டது.

ஆகவே காரணம் கேட்காமல் தண்டிப்பதுதான் நம்முடைய தவறுகளிலேயே பெரியது, மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. பசியும் அப்படித்தான். பதினொரு மணிக்குமேல் ஒருவனை ஒருவன் கிள்ளுவதும் பிடுங்குவதும் சேட்டை என்று நினைத்திருந்தோம். காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கி, அடுத்த வருடம் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. என் வகுப்பில் அந்தச் சண்டையில் பாதி காணாமல் போனதை நானே பார்த்தேன். பனியன் கம்பெனி வேலைக்கு அம்மா ஏழரை மணிக்கே பஸ் ஏறிவிட்டால் பிள்ளை வெறும் வயிற்றோடுதான் வந்திருக்கும். திருப்பூர்ப் பக்கம் இன்னொன்றும் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். "நோட்டை எடு" என்றால் எடுக்காமல் நம்மையே பார்க்கும் பிள்ளைக்குத் திமிர் என்று பேர் வைத்துவிடாதீர்கள், முதலில் நோட்டைக் கையில் தூக்கிக் காட்டுங்கள்.

அடுத்து, கரும்பலகை ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதும் வேலையை லீடரிடம் கொடுப்பது. நாம் படித்த காலத்திலிருந்தே நடக்கிறது, அதனால் தவறாகவே தெரிவதில்லை. எட்டு வயசுப் பிள்ளையின் கையில் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு நாம் ஆபீஸ் அறைக்குப் போனால் என்ன நடக்கும்? தேன்மிட்டாய் கொடுத்தவன் பெயர் அழிந்துவிடும், போன வாரம் சண்டை போட்டவன் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறி விழும். பேசாமல் இருக்கப் பிள்ளைகள் இதில் கற்றுக்கொள்வதில்லை, காட்டிக்கொடுக்கவும் கைக்கூலி கொடுக்கவும்தான் கற்றுக்கொள்கிறார்கள். யாரோ ஒருவன் விசிலடித்ததற்கு வகுப்பையே எழுப்பி நிற்க வைப்பதும் இதே ரகம். விசிலடிக்காத முப்பது பேரும் அன்றைக்கு நம்மீது நம்பிக்கை இழக்கிறார்கள்.

இம்போசிஷன் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. "இனி பேச மாட்டேன்" என்று நூறு தடவை எழுதச் சொல்கிறோம். எழுத்து இப்போதுதான் கைக்கு வருகிற வயசு அது. எழுதுவதையே தண்டனையாக்கினால் எழுத்து எப்படிப் பிடிக்கும்? எங்கள் வகுப்பில் ஒரு பெண் நூறு 'இனி'யை முதலில் மேலிருந்து கீழாக எழுதிவிட்டு, பிறகு நூறு 'பேச'வை எழுதினாள். வரியே மனதில் ஏறவில்லை, விரல் மட்டும் வலித்தது. அதேபோல விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்குவது. ஒரு இடத்தில் உட்கார முடியாத பிள்ளைக்குத்தான் ஓட்டம் அதிகம் தேவை, அவனிடமிருந்துதான் நாம் அதைப் பறிக்கிறோம்.

உடம்பைத் தொடும் விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காதோடு சேர்த்து அறைந்தால் செவிப்பறை கிழியலாம். பாத்ரூம் போகவும் தண்ணீர் குடிக்கவும் கேட்டால் விட்டுவிடுங்கள், அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வருவது பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். தோப்புக்கரணம் மூளைக்கு நல்லதுதானே என்று சில சார்கள் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். பிள்ளையார் முன்னால் மூன்று போடுவது வேறு, வெயிலில் இருநூறு போடச் சொல்வது வேறு. அளவுக்கு மீறினால் தொடைத் தசை சிதைந்து சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும்.

சத்தம் என்றாலே ஒழுங்கின்மை என்று நினைப்பதும் மாற வேண்டும். 2022-ல் சின்ன வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததிலிருந்து, பிள்ளைகள் தங்கள் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாக உட்கார்ந்து பாடுகிறார்கள், அட்டை அடுக்குகிறார்கள். அந்த வகுப்பு எப்படி மயான அமைதியாக இருக்கும்? வேலை நடக்கிற சத்தம் எது, வேலை நின்றுபோன சத்தம் எது என்று நம் காது பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். நின்றுபோன சத்தம் கேட்டால் நாமும் சேர்ந்து கத்தக் கூடாது. அந்தக் குழுவின் பக்கத்தில் போய்க் குனிந்து, "அடுத்து என்ன கண்ணு செய்யணும்?" என்று மெதுவாகக் கேட்டால் போதும். "ஓடாதே" என்பதைவிட "நடந்து வா" என்பது சின்னப் பிள்ளைக்குச் சட்டென்று புரியும், என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. தண்ணீரைக் கொட்டினால் துணி எடுத்துத் துடைக்கட்டும், கிழித்த புத்தகத்தை நம்மோடு உட்கார்ந்து ஒட்டட்டும். செய்ததற்கும் திருத்துவதற்கும் சம்பந்தம் இருந்தால் பிள்ளை வெட்கப்படாமல் திருத்திக்கொள்ளும். அப்புறம், "டி.சி. கொடுத்துருவேன்", "போலீஸைக் கூப்பிடுவேன்" எல்லாம் வேண்டாம். நாம் செய்யப் போவதில்லை என்று நாலாவது தடவையே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாக, வீட்டுக்குச் சொல்வது. சாயங்காலம் கேட்டில் நின்றுகொண்டு, நாலு பேர் கேட்க, "இன்னைக்கு என்ன பண்ணினான் தெரியுங்களா" என்று ஆரம்பிக்கிறோம். அந்த அவமானத்தை அப்பா வீட்டுக்குப் போய்ப் பிள்ளை முதுகில் இறக்குவார், நாம் அடிக்காமல் அடிக்கிற அடி அது. சொல்லத்தான் வேண்டும் என்றால் தனியாக, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அதற்கு முன்னால் நல்ல செய்திக்கு ஒரு தடவையாவது போன் செய்திருங்கள். போன வருடம் ஒரு அம்மாவுக்குச் செய்தேன். கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தவர் பதறிப்போய், "என்னங் டீச்சர், என்ன பண்ணிப்போட்டான்?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, ஆறாம் வாய்ப்பாடு பார்க்காம சொன்னான், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றேன். "இதுக்கா போன் பண்ணுனீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். அடுத்த திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அவரே பள்ளிக்கு வந்தார். அவன் அப்பா இரண்டு மாதமாக வீட்டுக்கு வரவில்லை என்றும், பையன் ராத்திரியில் எழுந்து கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறான் என்றும் சொன்னார். சிடுசிடு என்று எல்லோரையும் அடித்துக்கொண்டிருந்த பிள்ளை அவன்தான்.