தெருமுனையை ஓவியமாக்க எனக்குக் கைகொடுத்த வழி

"வரைய எதுவும் இல்லை" என்ற அலுப்புதான் எனக்குப் பெரிய தடை. மலை, அருவி என்று தேடி அலைவதை விட்டு, தினமும் கடக்கும் தெருவிலேயே நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்கத் தொடங்கியதும் அது நீங்கியது. மின்கம்பம், காரை பெயர்ந்த சுவர், சாய்த்து வைத்த சைக்கிள், எதுவானாலும் சரி. வெயில் சாய்வாக விழ வேண்டும். உச்சிவெயிலில் நிழல் சுருங்கி எல்லாம் தட்டையாகிவிடும்.

அட்டையில் வெட்டிய சிறு சட்டகத்தின் வழியே பார்த்துக் காட்சியை முடிவு செய்கிறேன். கண்ணை இடுக்கினால் விவரங்கள் மங்கி, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என மூன்று தொனிகள் மட்டும் மிஞ்சும். அதைத் தீப்பெட்டி அளவில் பென்சிலால் குறித்த பிறகே தூரிகை. வாட்டர்கலரில் வெள்ளை என்பது காகிதம்தான் (வெள்ளைச் சாயம் எனக்குப் பிடிப்பதில்லை). எந்த இடத்தை விட்டுவைப்பது என்று அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால் நிழல்களின் விளிம்பை முதலில் கோடிட்டுவிடுவேன். பிறகு நகரும் நிழலைத் துரத்துவதில்லை. இலைப்பச்சை கண்ணைக் குத்தினால் துளி சிவப்பு கலந்தால் அடங்கும். ஆங்கிலேய இயற்கைக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822இல் வரைந்த மேகச் சித்திரங்கள் பலவற்றின் பின்புறம் தேதி, நேரம், வானிலை எழுதிவைத்தார். நானும் எழுதுகிறேன், பாதியில் விட்ட படத்தை வேறொரு நாள் அதே வெளிச்சத்தில் தொடர முடிகிறது.