ஏபிஜி தாளைப் படிப்பது எப்படி: பைகார்பனேட்டில் வழுக்கி விழுந்தவள் எழுதுவது

இரவு ட்யூட்டி. மூச்சுத்திணறலோடு வந்த பெரியவர், முப்பது வருடப் பீடிப் பழக்கம். ஏபிஜி (தமனி ரத்தத்தின் வாயு, அமில-கார அளவுப் பரிசோதனை) தாள் வந்ததும் என் கண் நேராகப் போய் நின்றது பைகார்பனேட் 36 என்ற எண்ணில். பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி வேறு. போனை எடுத்து, "டாக்டர், மெட்டபாலிக் அல்கலோசிஸ்" என்றேன். அதாவது, பைகார்பனேட் கூடி ரத்தம் காரமாகிவிட்டது என்று.

மறுமுனையில் சற்று மௌனம். "சிஸ்டர், பிஹெச் எவ்வளவு?"

7.33. அமிலப் பக்கம். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்து நான் விடாமல் பின்பற்றும் வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். மணிக்கட்டின் ரேடியல் தமனியில் எப்படிக் குத்துவது, கைக்கு ரத்த ஓட்டம் போதுமா என்று பார்க்கும் ஆலன் சோதனை எப்படிச் செய்வது என்பதையெல்லாம் வகுப்பிலேயே காட்டியிருப்பார்கள், அதற்குள் போகவில்லை.

படி 1: மாதிரி நம்பத்தக்கதா?

சாதாரண சிரிஞ்சில், ரத்தம் உறையாமல் தடுக்கும் திரவ ஹெப்பாரின் இழுப்பவர்கள், உள்சுவர் நனைந்ததும் அதை முழுவதும் வெளியே தள்ளிவிட வேண்டும். ஊசியில் தங்கும் சொட்டே போதும். மிச்சம் வைத்தால் ரத்தம் நீர்த்துப்போய் கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் பொய்யாகக் குறைந்து காட்டும். உலர் ஹெப்பாரின் பூசிய ஏபிஜி சிரிஞ்ச் கிடைக்கும் இடம் என்றால் சண்டை போட்டாவது அதையே வாங்குங்கள். காற்றுக்குமிழி இருந்தால் உடனே வெளியேற்றி, மூடி போட்டு, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். குலுக்கக் கூடாது. அரை மணி நேரத்துக்குள் இயந்திரத்துக்குப் போய்விட வேண்டும்.

படி 2: பிஹெச். வேறு எதையும் பார்க்காதீர்கள்.

7.35 முதல் 7.45 வரை இயல்பு. குறைந்தால் அமிலப் பக்கம், கூடினால் காரப் பக்கம். நான் மற்ற எண்களைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

படி 3: சாய்த்தது யார், முட்டுக்கொடுப்பது யார்?

இதுதான் என்னைக் கவிழ்த்த இடம், அதனால் நிதானமாகப் போகலாம். கார்பன் டை ஆக்சைடு (35–45) நுரையீரலின் பொறுப்பு. அது கூடினால் ரத்தம் அமிலமாகும். பைகார்பனேட் (22–26) பெரும்பாலும் சிறுநீரகத்தின் பொறுப்பு. அது கூடினால் ரத்தம் காரமாகும். பிஹெச் எந்தப் பக்கம் போயிருக்கிறதோ, அதே பக்கம் தள்ளுகிற எண்தான் காரணம். எதிர்ப்பக்கம் தள்ளுவது முட்டுக்கொடுக்கிறது.

பெரியவரின் தாளில் பிஹெச் 7.33, கார்பன் டை ஆக்சைடு 70, பைகார்பனேட் 36. ரத்தம் அமிலம். அமிலப் பக்கம் தள்ளுவது கார்பன் டை ஆக்சைடு. ஆகவே சுவாச அசிடோசிஸ். வெளியேறாமல் தேங்கிய வாயுவை ஈடுகட்டச் சிறுநீரகம் பல நாளாகப் பைகார்பனேட்டைச் சேர்த்துவைத்திருக்கிறது. நானோ முட்டுக்கழியைப் பார்த்துவிட்டுச் சுவர் அந்தப் பக்கம்தான் சாய்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

இதே தவறைப் பெரிய டாக்டர்களும் செய்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறுதல். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியபோது, நோயாளிகளின் ரத்தத்தில் பைகார்பனேட் கூடியிருப்பதைக் கண்டு அதை அல்கலோசிஸ் என்றே மருத்துவர்கள் எண்ணினார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன்தான், மூச்சுத்தசை செயலிழந்து கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறது என்று சொன்னார். மூச்சுக்குழலில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையாலேயே பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார்கள். இறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்தது.

நமக்கு இதில் என்ன வேலை? பெரியவரின் மகள், "ஆக்சிஜனை இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்கள் சிஸ்டர்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இப்படி வாயு தேங்கும் நோயாளிக்கு ஆக்சிஜன் செறிவு 88 முதல் 92 சதவீதம் இருந்தால் போதும். 99 ஆக்கினால் தேக்கம் கூடி நோயாளி அரைமயக்கத்துக்குப் போய்விடலாம்.

படி 4: முட்டு போதுமா?

இன்னொரு தாள். சர்க்கரை நோய், வாந்தி, ஆழ்ந்த வேக மூச்சு. பிஹெச் 7.18, கார்பன் டை ஆக்சைடு 22, பைகார்பனேட் 8. காரணம் பைகார்பனேட் என்பது இதற்குள் பிடிபட்டிருக்கும். பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி 8 கூட்டுங்கள்: 20. ஈடு சரியாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடு இந்த அளவில் இருக்க வேண்டும். இரண்டு முன்பின் இருக்கலாம். ஆக, 22 சரியான ஈடு. இதே நோயாளிக்கு 35 வந்திருந்தால் 'இயல்பு' என்று விட்டுவிடாதீர்கள். மூச்சு களைத்துப்போகிறது என்று பொருள், உடனே மருத்துவரை அழையுங்கள்.

இந்தக் கணக்குக்குச் செல்போன் செயலிகள் இருக்கின்றன. எனக்குப் பிடிக்காது. சட்டைப்பையில் அடங்கும் சிறு நோட்டில் கையால் போட்டுப் பழகினால்தான் எண் மனதில் நிற்கும்.

படி 5: உப்புகளையும் சேர்த்துப் பாருங்கள்.

சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழியுங்கள். வரும் எண்ணை 'அனயான் கேப்' (இடைவெளி) என்பார்கள். இந்த நோயாளிக்கு 132 – (98 + 8) = 26. வழக்கமாக 8 முதல் 12 வரைதான் இருக்கும். மிச்சத்தை நிரப்பியிருப்பது, இன்சுலின் போதாதபோது கொழுப்பு உடைந்து உருவாகும் கீட்டோன் அமிலங்கள். கடும் வயிற்றுப்போக்கில் பைகார்பனேட் மலத்தோடு போய்க் குளோரைடு கூடுவதால் இந்த இடைவெளி பெரும்பாலும் கூடாது.

அடுத்தது பொட்டாசியம். இவருக்கு 5.4 என்று வந்தது. கூடுதலாகத் தெரிந்தாலும் உடம்பின் இருப்பு சிறுநீரோடு வெளியேறிக் காலியாகத்தான் இருக்கும். இன்சுலின் ஏறத் தொடங்கியதும் பொட்டாசியம் செல்லுக்குள் புகுந்து ரத்தத்தில் சரியும். முதல் அளவே 3.5க்குக் கீழே இருந்தால் இன்சுலினுக்கு முன் பொட்டாசியம்தான். அதோடு சிறுநீர் எவ்வளவு போகிறது என்று மணிக்கொரு முறை குறித்துவையுங்கள். சிறுநீர் போகாதவருக்குப் பொட்டாசியம் ஏற்றுவது ஆபத்து. பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை நேராகச் சிரையில் செலுத்தவே கூடாது, இதயம் நின்றுவிடும். டிரிப்ஸ் பாட்டிலில் கலந்தபின் நன்றாகத் தலைகீழாகப் புரட்டுங்கள். இல்லையேல் மருந்து அடியில் தங்கி, முதலில் இறங்குவதே அடர்த்தியாக இறங்கும்.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் இரண்டு கேள்விகள் வந்தன.

"பிஹெச் 7.37, மற்ற இரண்டும் தாறுமாறு, எந்தப் பக்கம்?" என்று ஒருவர் கேட்டார். 7.40ஐ நடுக்கோடாக வையுங்கள். 7.37 அமிலப் பக்கம் சாய்கிறது, அந்தப் பக்கம் தள்ளும் எண்ணைத் தேடுங்கள். ஆனால் நாள்பட்ட நோய் இல்லாதவருக்கு இப்படி வந்தால் இரண்டு கோளாறுகள் ஒன்றையொன்று மறைக்கின்றனவா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

மற்றொருவருக்குத் தாளில் ஆக்சிஜன் அழுத்தம் 38, மானிட்டரிலோ செறிவு 97. தங்கையே, இரண்டும் பொருந்தவில்லை, ஊசி தமனிக்குப் பதில் சிரைக்குள் போயிருக்கிறது. நோயாளி சௌகரியமாகப் பேசிக்கொண்டிருந்தால் பதறாமல் மறுபடி எடுங்கள். முதலில் குத்திய இடத்தை விட்டுவிடாமல் அழுத்திப் பிடியுங்கள். தமனி என்றால் ஐந்து நிமிடம் முழுதாக, ரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் கூடுதலாக.