ஏஐ போட்ட போஸ்டரில் தமிழ் எழுத்து சிதைந்தால்

எங்கள் நாடகக் குழுவின் போஸ்டருக்கு ஏஐயிடம் படம் கேட்டேன். கதை மெரினாவில் நடக்கிறது. கலங்கரை விளக்கம் என்றால் உருண்டைக் கோபுரமாகவே வந்தது. 1977-இல் திறக்கப்பட்ட நம்முடையது முக்கோண வடிவம்! நானே எடுத்த போட்டோவைக் கொடுத்ததும் வழிக்கு வந்தது.

தலைப்புதான் பெரும்பாடு. எழுத்தெல்லாம் ஜிலேபியைப் பிய்த்துப் போட்ட மாதிரி. எவ்வளவு விளக்கியும் திருந்தவில்லை. சரி, எழுத்தே வேண்டாம், மேலே வெறும் வானமாக விடு என்றேன். அந்தப் படத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் தலைப்பை நானே அடித்தேன். ‘கொ’வின் கொம்பும் காலும் ஒழுங்காக உட்கார்ந்தன.

அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள். அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும்.