காசில்வேனியா தொடரை கேமோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

"கேம்ல இருக்குற மாதிரியே இல்லையே" என்று யாராவது ஆரம்பித்தால், எந்த கேம் என்று முதலில் கேளுங்கள். காசில்வேனியா என்பது கொனாமி நிறுவனம் 1986இல் தொடங்கிய, டிராகுலாவை வேட்டையாடும் வீடியோ கேம் வரிசை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கதைகள் அதற்குள்ளேயே நிறைய. நெட்ஃபிளிக்ஸ் தொடரின் (2017 முதல் 2021 வரை நான்கு சீசன், 32 எபிசோட்) அடித்தளம் 1989இல் வந்த மூன்றாவது கேம். டிராகுலாவின் மனைவி லிசா கொல்லப்படும் சோகம் 1997இன் சிம்பொனி ஆஃப் த நைட்டில் உள்ளது. டிராகுலாவிடம் வேலை செய்யும் ஹெக்டரும் ஐசக்கும் 2005இன் கர்ஸ் ஆஃப் டார்க்னஸிலிருந்து வந்தவர்கள். இந்த மூன்றும் போதும்.

அப்புறம் மூன்றாவது கேமை இரண்டு மூன்று கட்டமாவது விளையாடிப் பாருங்கள், பழைய கேம்களைச் சேர்த்துக் கொடுத்த ஆனிவர்சரி கலெக்‌ஷனில் இருக்கிறது. முடிக்கத் தேவையில்லை, உயிரை எடுத்துவிடும். உடனே முதல் சீசனைப் போடுங்கள், நாலே எபிசோட்தான்.

கதைச் சம்பவங்களை டிக் அடித்துக்கொண்டு உட்காராதீர்கள். அந்த கேமில் கதையே சில வரிதான்: 1476, ஒதுக்கி வைக்கப்பட்ட பெல்மான்ட் என்ற வேட்டைக்காரக் குடும்பம், வேறு வழியில்லாமல் அந்தக் குடும்பத்து டிரெவரைக் கூப்பிடும் திருச்சபை. தொடரில் அதே திருச்சபைதான் வில்லன். இதை மாற்றம் என்று குறித்துக்கொள்ளுங்கள், குறை என்று எழுதிவிடாதீர்கள்.

கை செய்த வேலையைத்தான் ஒப்பிட வேண்டும். கேமில் சவுக்கு நேராகத்தான் போகும், பட்டனை அழுத்தியதும் ஒரு நொடித் துண்டு தாமதிக்கும், அந்தத் தாமதத்தைக் கணக்குப் போட்டே நாம் சாகாமல் இருப்போம். தொடரில் டிரெவரின் சவுக்கு எல்லாத் திசையிலும் சுழல்கிறது, அது 1991இன் சூப்பர் காசில்வேனியா 4இல் வந்த வசதி. ஒற்றைக்கண் அரக்கன் சைக்ளாப்ஸைக் கொன்றதும் கல்லாகிக் கிடந்த மந்திரக்காரி சைஃபா உயிர் பெறுவது மட்டும் கேமில் உள்ளபடியே. ஆனால் கேமில் ஒரு நேரத்தில் ஒரு துணைதான், இங்கே டிரெவர், சைஃபா, டிராகுலாவின் மகன் அலுகார்ட் மூவரும் சேர்ந்து அடிக்கிறார்கள்.

விட்டுப்போனவர்களையும் தேடுங்கள். கேமில் டிரெவருக்குத் துணையாக வந்து சுவரில் ஊர்ந்து ஏறும் கிரான்ட் டனாஸ்டி தொடரில் இல்லவே இல்லை. நாலாவது சீசனில் டனெஸ்டி ஊர்த் தலைவியாக கிரெட்டா வருவது அவனுக்கு ஒரு சலாம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஐசக்கிடம் வரும்போது அளவுகோலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். கர்ஸ் ஆஃப் டார்க்னஸில் வெறும் எதிரி. தொடரில் அடி வாங்கி வளர்ந்த, யோசிக்கிற, கேள்வி கேட்கிற மனிதன். மொத்தத் தொடரிலும் நன்றாக எழுதப்பட்டவன் அவன்தான் என்பேன். கேமில் நாயகனான ஹெக்டரோ இங்கே யார் எது சொன்னாலும் நம்பி ஏமாறுகிறவன், பாவம்.

இதன் கிளைத் தொடராக 2023இல் வந்த நாக்டர்னையும் இப்படியே பார்க்கலாம், பக்கத்தில் 1993இன் ரோண்டோ ஆஃப் பிளட் கேமை வைத்துக்கொண்டு. அதில் காப்பாற்றப்பட வேண்டிய பெண்ணாக மட்டும் இருந்த அனெட் தொடரில் என்னவாகிறாள் என்று கவனியுங்கள்.

முதல் தொடரின் இரண்டாவது சீசனில் ஏழாவது எபிசோடை மட்டும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாருங்கள். மூவரும் டிராகுலாவின் கோட்டைக்குள் நுழையும்போது பிளடி டியர்ஸ் என்ற இசை ஒலிக்கும். அது மூன்றாவது கேமின் இசையே இல்லை, 1987இல் வந்த இரண்டாவது கேமினுடையது. ஆனாலும் அந்த நிமிடம் என் கட்டைவிரல் தானாகக் கன்ட்ரோலரைத் தேடியது.