நினைவகத்தைப் பொதுத் தொகுப்பாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேகக்கணினி நிறுவனத்தின் ஒரு சர்வரில் சிபியு கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) முழுவதும் வாடகைக்குப் போய்விட்டால், அதே பெட்டியில் மிஞ்சிக் கிடக்கும் நினைவகம் (ரேம்) யாருக்கும் பயன்படாது. மைக்ரோசாப்ட் அசூர் ஆய்வாளர்களின் 'பாண்ட்' ஆய்வு (2023), இப்படி முடங்கும் நினைவகம் 25 சதவீதம் வரை போவதைக் காட்டியது. சிபியு, நினைவகம், சேமிப்பு ஆகியவற்றைத் தனித்தனித் தொகுப்புகளாகப் பிரித்து, வேண்டியபோது வேண்டிய அளவு கொடுக்கும் கட்டமைப்பின் தேவை இங்கேதான் விளங்குகிறது. நோக்கத்தில் பிழையில்லை, நினைவகத்தைக் கையாளும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

சேமிப்பைப் பிரித்து வெற்றி கண்ட வழி நினைவகத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நம்புவது அவற்றுள் அடிப்படையான தவறு. ஃபிளாஷ் வட்டிலிருந்து படிக்க ஏறத்தாழ 100 மைக்ரோ நொடி ஆவதால், வலையமைப்பில் கூடுதலாகச் செலவாகும் சில மைக்ரோ நொடிகள் உறைப்பதில்லை. நினைவகத்துக்கோ மொத்தமே 100 நானோ நொடிதான். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மீட்டரைக் கடக்க 5 நானோ நொடி எடுக்கும். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் ரேக்குக்கு (சர்வர் அடுக்குக்கு) போய்த் திரும்புவதற்கே, இடையிலுள்ள ஸ்விட்சின் தாமதத்தைச் சேர்க்காமல், இன்னொரு 100 நானோ நொடி கரைந்துவிடும். சிபியுவை வெளி நினைவகத்தோடு இணைக்கும் சிஎக்ஸ்எல் (CXL) இணைப்பு எவ்வளவு மேம்பட்டாலும் இந்தத் தூரக் கணக்கு மாறாது.

ஆகவே, தொகுப்பு பெரிதாக இருந்தால் ஆதாயமும் பெரிது என்று எண்ணக்கூடாது. 8 முதல் 16 சாக்கெட்டுகள் (சிபியு சில்லுகள்) பகிரும் சிறு தொகுப்பே பெரும்பகுதி ஆதாயத்தைத் தந்துவிடுகிறது என்பதும் பாண்ட் ஆய்வின் முடிவே. தொகுப்பு பெருக்கப் பெருக்க, ஒரு நினைவகப் பெட்டி பழுதானால் உடன் விழும் சர்வர்களும் பெருகும்.

என் கணிப்பில், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது கொடுத்த நினைவகத்தைத் திரும்பப் பெறுவதுதான். லினக்ஸ் இயங்குதளம் நினைவகத்தைத் தொகுதி (பிளாக்) தொகுதியாகவே விடுவிக்கும். எக்ஸ்86 சர்வர்களில் ஒரு தொகுதி 128 எம்பி, நினைவகம் மிகுந்தவற்றில் 2 ஜிபி வரையும் இருக்கலாம். அதற்குள் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நகர்த்த முடியாதபடி பிடித்துவைத்திருக்கும் 4 கேபி பக்கம் (நினைவகத்தின் சிறு துண்டு) ஒன்றே ஒன்று இருந்தாலும், அந்தத் தொகுதியை விடுவிக்கும் 'ஆஃப்லைன்' கட்டளைக்கு 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்ற பதில்தான் திரையில் வரும். எனவே, தொகுப்பிலிருந்து வரும் நினைவகத்தைத் தொடக்கத்திலேயே, நகர்த்தக்கூடிய பக்கங்களுக்கான 'மூவபிள்' மண்டலத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். திரும்பிய நினைவகத்தைச் சுழியமிட்டு அழிக்காமல் அடுத்த வாடிக்கையாளருக்குக் கொடுத்தால், முந்தையவரின் தரவு அவர் கைக்குப் போய்விடக்கூடும்.